சி ஷிப்ட் குழுவின் ஐந்தாவது நாற்காலி

நவமணி இறந்த பதினெட்டாம் நாள், புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, பாடாங் மேஹா பழைய பொது மண்டபத்தில் நடந்த ஒத்திகையில் முதன்முறையாக வாசித்தாள். உயிரோடு இருந்த முப்பத்தொரு வருடங்களில் அவள் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. அன்று நல்ல வெயில். மண்டபத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் வாசிப்பது கேட்டது. மூன்று பேர் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற இருவரில் யாரோ கைபேசியில் எதையோ ஓடவிட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நான்காவது ஆள் அவளுடைய கணவன் சிவநேசன். அவன் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தான். பத்து மணி வரை ஊதினான்.

குழுவின் பெயர் சி ஷிப்ட். கூலிம் ஹைடெக் பூங்காவிலுள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஏழு மணிக்கு உள்ளே போய்க் காலை ஏழுக்கு வெளியே வரும் கூட்டத்துக்கு அந்தப் பெயர். சிவநேசன் அங்கே டெக்னீஷியன். 2015இல் இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு சாக்ஸபோன் பெட்டியை ஸ்டோரில் விட்டுப் போய்விட்டார். ஒரு வருடம் அதை யாரும் தேடி வரவில்லை. பெட்டிக்குள் ஆறு ஒலித்தட்டுகளும் இருந்தன. அவற்றில் மெட்டு இல்லை. தாளம் பிடித்துக் கால் ஆட்டவும் இடமில்லை. தட்டு கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தான். ஆறு தட்டும் ஒரே மாதிரி கெடாது என்று தோன்றியபின் திரும்பவும் கேட்டான். அது ஜாஸ் என்றும், ஜாஸ் கேட்கிறவர்களிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடும் வகை என்றும் பிறகு தெரிந்துகொண்டான். அது அவனுக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அவனால் யாருக்கும் விளக்க முடியவில்லை. ஆனாலும் விளக்கிக்கொண்டே இருந்தான்.

ஆறு மாதத்தில் மூன்று பேர் சேர்ந்தார்கள். அய்யாவு பதினைந்து வருடம் இழவு வீடுகளில் உருமி அடித்தவர். பழைய குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். சாந்தினி பள்ளிக்கூட பேண்டில் டிரம்பெட் ஊதியவள், சிவநேசன் வேலை செய்த அதே தொழிற்சாலையில் ஆபரேட்டர். தீபனும் அங்கேதான். அவன் பட்டர்வொர்த்தில் ஒரு சீனர் கடையிலிருந்து ஆள் உயரப் பாஸ் ஒன்றைப் பழைய சாமானாக வாங்கி வந்தான். வயலினைப் பத்து மடங்கு பெருக்கி நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதை யார் காரிலும் ஏற்ற முடியாது. அதனால் ஒத்திகை அவன் வீட்டை ஒட்டி நடந்தது. பாடாங் மேஹாவில் தோட்டம் கைமாறியபின் எஞ்சியிருந்த தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசி வீடு அவனுடையது. அவன் சமையலறை ஜன்னலுக்கும் மண்டபத்தின் பின்சுவருக்கும் நடுவில் நான்கு வாழைமரங்கள் நின்றன. புதன்கிழமைகளில் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ரொட்டி சானாய் தின்றுவிட்டு, ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பார்கள்.

மண்டபத்துச் சாவி, வாசலில் தேநீர்க் கடை வைத்திருந்த முருகையாவிடம் இருந்தது. முதல் நாள் ஐம்பது நிமிடம் வெளியிலிருந்து கேட்டுவிட்டு அவர் உள்ளே வந்தார்.

"சவுண்டு செக்கு முடிஞ்சுதா தம்பி? எப்ப வாசிக்க ஆரம்பிப்பீங்க?"

"இதான் அங்கிள் வாசிப்பு," என்றாள் சாந்தினி.

அவர் ஒவ்வொரு வாத்தியமாகப் பார்த்தார். "அப்ப எதுவும் ரிப்பேர் இல்ல?"

"இல்ல அங்கிள்."

"சரிலா. நாலு தே ஓ கொண்டாரேன்."

ஊர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. வேலைநாளில், காலை ஒன்பது மணிக்கு, வளர்ந்த ஆட்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டது. ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் ஊர்தான். இது ஏதோ கும்பலின் கிளை என்றார்கள். சி என்பது மூன்றாவது எழுத்து, ஆகவே மூன்றாம் நம்பர் கும்பல் என்று பாடாங் செராய் பாசாரில் ஒருவர் கணக்குச் சொன்னார். யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் புதைத்துவிட்டுப் போன தங்கத்தைத் தோண்டுகிறார்கள், கடப்பாரைச் சத்தத்தை மறைக்கத்தான் இந்த ஊதல் என்றார் இன்னொருவர். இது பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஏனென்றால் வேறு எதற்காகவும் ஒருவர் அப்படி ஊதமாட்டார். ஒரு நாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து தரையைப் பார்த்தார்கள். சிமெண்டு உடையாமல் இருந்தது. முறையாகச் சங்கமாகப் பதிந்துகொண்டால் தொல்லை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பதிவுக்கு ஏழு பெயர் வேண்டும். வாசிக்கிறவர்கள் நான்கு பேர். முருகையா ஒரு கையெழுத்துப் போட்டார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அய்யாவுவின் மச்சான் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினார், அவர் இந்த வரலாற்றில் இனி ஒரே ஒரு முறைதான் வருவார். ஏழாவதாகச் சிவநேசன் தன் மனைவியிடம் தாளை நீட்டினான். சட்டவிதிகளையும் இணைக்க வேண்டும் என்பதால் அய்யாவு தன் பழைய உருமிக் குழுவின் விதிகளை எடுத்து, பெயர் இருந்த இடங்களில் மட்டும் வெள்ளை மை தடவி மாற்றினார். அந்த வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். உருமிக் குழு அதைக் கோயில் கமிட்டியிடமிருந்து எடுத்தது. கோயில் கமிட்டி அதை ஒரு கால்பந்துச் சங்கத்திடமிருந்து எடுத்தது. இப்படிக் கைமாறியதில் ஐந்தாம் பக்கம் எங்கோ நகலெடுக்கும்போது விழுந்துவிட்டது. உறுப்பியம் எப்போது முடியும் என்று சொல்லும் பக்கம் அது. நான்காம் பக்கத்தின் கடைசி வரி மட்டும் தப்பியிருந்தது. விலக விரும்பும் உறுப்பினர் தம் கைப்பட எழுதிச் செயலாளரிடம் தர வேண்டும் என்றது அது. இறந்தால் என்ன என்பது ஐந்தாம் பக்கத்தோடு போய்விட்டது. ஆறாம் பக்கத்தில் சாமி ஊர்வலத்துக்கான சீருடை பற்றி இருந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. நவமணி மட்டும் முழுக்கப் படித்தாள். அவள் அதே தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தாள், பகல் ஷிப்ட். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

"நான் என்னாத்த வாசிக்கப் போறேன்?"

"ஒண்ணும் வேணாம். பேரு இருந்தா போதும்."

"உறுப்பினர் எல்லாரும் ஒத்திகைக்கு வரணும்னு போட்டிருக்கே."

"அது சும்மாலா."

"சும்மான்னா ஏன் எழுதுறீங்க?" என்றாள். கையெழுத்துப் போட்டாள். "சரி, நேரம் கெடைச்சா வரேன்."

நேரம் கிடைக்கவில்லை. அவள் காலை ஆறேகாலுக்குக் கிளம்புவாள். அவன் எட்டு மணிக்கு வீடு வருவான். ஒரே வீட்டில் இருவரும் விழித்திருப்பது விடுமுறை நாளில் மட்டும்தான். அன்று அவன் பேசுவான். அவள் துணி மடித்துக்கொண்டு கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து ஐந்து வருடம் இப்படித்தான் போயிற்று. 2017 செப்டம்பரில் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பரவாயில்லை போல இருந்தது. அவன் ஷிப்டுக்குப் போனான். நான்காம் நாள் காலை அவன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினெட்டாம் நாள் ஒத்திகைக்கு வந்தாள்.

முதல் இரண்டு வாரம் சந்தேகத்தில் போயிற்று. அய்யாவு சாந்தினியின் பையைச் சோதித்தார். சாந்தினி ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். தீபன் கூரையில் ஏறிப் பார்த்தான். சத்தம் ஜன்னலோரம் கிடந்த ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து வந்தது. நாற்காலியை மூலைக்கு நகர்த்தினார்கள். சத்தமும் மூலைக்குப் போனது. முருகையாவை அதில் உட்கார வைத்தார்கள். அவர் உடனே எழுந்து, "யாரு மடியிலயோ உக்காந்த மாதிரி இருக்குலா," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அது எந்த வாத்தியத்தின் சத்தம் என்பதில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. சீவாளியை மட்டும் ஊதினால் வருவது போல என்றாள் சாந்தினி. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பை ஈர விரலால் தேய்ப்பது போல என்றார் அய்யாவு. கடைசியில் அவர்தான் பதிவுக் கோப்பைக் கொண்டு வந்து உறுப்பினர் பட்டியலைப் படித்தார். நான்கு பேர் இங்கே வாசிக்கிறார்கள். முருகையா தேநீர் ஆற்றுகிறார். மச்சானைச் சிங்கப்பூருக்கு அழைத்துக் கேட்டாயிற்று, தூங்கிக்கொண்டிருந்தாராம். மிச்சம் ஒருவர்தான். விதிகளைப் புரட்டினார்கள். அவளை நீக்க எந்த வரியும் இல்லை. சிவநேசனிடம் சொன்னார்கள். அவன் சாக்ஸபோனின் ரீடை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தான். "வரேன்னு சொல்லியிருந்தா," என்றான்.

அதன்பின் அவள் தவறியதில்லை. முதல் வருடம் ஒரே ஒரு சுரம்தான் வாசித்தாள், எங்கே வைக்க வேண்டும் என்று தேடித் தேடி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளைப் போல. இரண்டாம் வருடம் நான்கைந்து ஆயிற்று. மூன்றாம் வருடம் குழுவில் நன்றாக வாசிப்பவள் அவள்தான் என்று சாந்தினி சொன்னாள், கொஞ்சம் எரிச்சலோடு. சிவநேசனும் அந்த வருடங்களில் வளர்ந்தான். கன்னத்தில் காற்றை அடைத்துவைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்கும் வித்தையைப் பழகினான். அதனால் நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம், ஒரு இடத்திலும் அறுபடாமல் ஊத முடிந்தது. கேட்டவர்கள் பயந்தார்கள். குழு சுங்கைப் பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் பினாங்கிலும் வாசித்தது. எங்கே போனாலும் வாடகை லாரியிலிருந்து முதலில் சிவப்பு நாற்காலியை இறக்கிவைப்பார்கள். எங்கே போனாலும் யாராவது ஒருவர் மேடைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். சுங்கைப் பட்டாணியில் ஒருவர் கச்சேரி நடக்கும்போதே நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டினார். அந்தச் சில நொடிகள் அவளும் தலைகீழாக வாசித்தாள். ஒலிப்பதிவில் அது இருக்கிறது. பினாங்கிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் ஐந்து மைக் வைத்துப் பதிவு செய்துகொண்டு போனார். யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால் வைத்த மைக்கில்தான் பதிவு சுத்தமாக இருந்தது என்று கடிதம் எழுதினார். அவருக்கும் சந்தேகம் போகவில்லை. ஆனால் நன்றி சொல்லியிருந்தார்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மண்டபம் பூட்டப்பட்டது. சிவநேசன் கூலிமில் தாமான் குடியிருப்பிலிருந்த தன் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும் போய் வந்தான். சாலையில் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஏப்ரலில், பாடாங் மேஹா மண்டபத்தில் புதன்கிழமைதோறும் கூட்டம் கூடுகிறது என்று யாரோ புகார் கொடுத்தார்கள். போலீஸ் வந்து முருகையாவை எழுப்பிச் சாவி வாங்கியது. திறந்தார்கள். உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. அது வாசித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஆட்களை எண்ணினார்கள். ஆள் யாரும் இல்லை. ஒரு மீட்டர் இடைவெளி பற்றிய விதி ஒருவருக்குப் பொருந்தாது, யாருமில்லாததற்கு நிச்சயமாகப் பொருந்தாது. கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். முருகையா இதைத் தொலைபேசியில் சிவநேசனிடம் சொன்னார். சிவநேசனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார்.

"அந்த தீபன் பையனும் சும்மா இல்லலா. சமையக்கட்டு ஜன்னல தொறந்து வெச்சிக்கிட்டு அந்தப் பெரிசு இருக்கே, அத வாசிக்கிறான். இது ஒண்ணு சொல்லுது, அது ஒண்ணு சொல்லுது. கேக்க நல்லாதான் இருக்கு."

கட்டுப்பாடு தளர்ந்து அவர்கள் மறுபடி கூடியபோது பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. சிவநேசன் அன்றைய ஒத்திகையைப் பதிவு செய்து வீட்டில் கேட்டான். தீபன் ஒரு வரி வாசித்து நிறுத்துகிறான். நவமணி பதில் சொல்கிறாள். அய்யாவு உருமியை ஒரு இழுப்பு இழுக்கிறார். அதற்கும் சொல்கிறாள். சாந்தினிக்கும் சில சமயம். சிவநேசனுக்கு இல்லை. பழைய பதிவுகளை எடுத்தான். அவன் டெக்னீஷியன், ஒரு கோளாறை எப்படித் தேடுவது என்று தெரியும். ஆறு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்கும் நிமிடமும் நொடியும் போட்டு, யாருக்குச் சொன்ன பதில் என்று எழுதினான். நான்கு வருடத்தில் அய்யாவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. சாந்தினிக்குத் தொண்ணூற்று நான்கு. தீபனுக்கு எழுநூற்றுக்கு மேல். சிவநேசனுடைய பத்தி காலியாக இருந்தது. அவன் ஊதும்போது நாற்காலியில் ஆளே இல்லாதது போல இருந்தது.

அதிலிருந்து எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. நவமணி கல்யாணத்துக்கு முன் பாடாங் மேஹா லயத்தில் இருந்தவள் என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். தீபனுடைய வீட்டிலிருந்து ஆறாவது வீடு. இரண்டு வருடம் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள். இதுவும் தெரியும். அவன் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. இப்போது சொல்லாதது பெரிதாக இருந்தது. தீபன் தன் பாஸை ஏன் நாற்காலிக்கு அருகில் சாய்த்து வைக்கிறான்? ஒத்திகை முடிந்ததும் ஏன் நாற்காலியைத் துணியால் துடைக்கிறான்? எல்லா நாற்காலியையும் அவன் துடைத்தான். அது சிவநேசனின் கண்ணில் படவில்லை. தீபனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை? வேலையிடத்தில் சிவநேசனும் தீபனும் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்றார்கள். பல மாதம் சிவநேசன் இதை மனதிலேயே வைத்திருந்தான். ஊதுவது மட்டும் நீண்டது. ஒரு பதிவில் எழுபத்திரண்டு நிமிடம் போகிறது.

2022இல் தஞ்சோங் டாவாயில், கருவாட்டுக் கடைகளுக்கு முன்னால், பட்டப்பகலில் வாசித்தார்கள். நெத்திலி வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். ஒரு மலாய்க்கார அம்மா நாற்காலிக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டுப் போனார். முடிந்தபின் தீபன் படகுத்துறையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். சிவநேசன் பக்கத்தில் போய் நின்றான்.

"பூட்டியிருந்த காலத்துல தெனமும் வாசிச்சியாமே."

"புதன்கெழம மட்டும்தான் அண்ணே."

"யாரு கூட?"

"நவமணி கூடதான்."

இத்தனை வருடமாக அவளை அண்ணி என்று சொல்லிவந்தவன் தீபன். சிவநேசன் அந்தப் பெயரை இரண்டாம் முறை மனதில் ஓட்டிப் பார்த்தான்.

"அண்ணின்னு சொல்லுவ."

"ஆமால்ல," என்றான் தீபன். இளநீரைக் கீழே வைத்தான். "வாசிச்சு வாசிச்சு அப்படி ஆயிருச்சு அண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"பஸ்ல ரெண்டு வருஷம். என்னா பேசுவீங்க?"

"பேசுறதா? தூங்குவோம்லா. அப்ப நானும் பகல் ஷிப்டு, விடியக்காலம் அஞ்சரை மணி பஸ்ஸு. பாடாங் செராய் தாண்டுனதும் யாரு மொதல்ல முழிக்கிறாங்களோ அவங்க மத்தவங்கள எழுப்பணும். அதான் பேச்சு."

"யாரு மொதல்ல முழிப்பா?"

"அவங்கதான். எப்பவும்."

இதை நம்பலாம். ஆனால் சிவநேசனுக்கு இது எல்லாவற்றையும்விட மோசமாகப் பட்டது. ஐந்து வருடத்தில் அவள் தூங்குவதை அவன் பார்த்திருக்கிறான். தூங்கி எழுவதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவன் தொழிற்சாலையில் இருந்தான், விடுமுறை நாளில் தூக்கத்தில் இருந்தான்.

அடுத்த மாதம் அவன் நவமணியின் பெயரில் விலகல் கடிதம் எழுதினான். சொந்தக் காரணங்களினால் குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகவும், இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் எழுதினான். அவளுடைய கையெழுத்தை மூன்று தாளில் பழகி நான்காவதில் போட்டான். நன்றாகவே வந்திருந்தது. புதன்கிழமை ஒத்திகைக்கு முன் அதைச் செயலாளர் அய்யாவுவிடம் கொடுத்தான். அய்யாவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"எப்ப எழுதுனாங்க?"

"போன வாரம்."

அய்யாவு கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, செத்தவங்க வாசிக்கிறத நான் நம்புறேன். எழுதுறத எப்படிலா நம்புறது?"

தீபன் பாஸைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்தக் கடிதம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று தெரிந்துவிட்டது. நான் வேணா போயிடுறேன் அண்ணே என்று ஆரம்பித்தான். சாந்தினி அவனை முடிக்க விடவில்லை.

"ஏன் அண்ணே அவங்கள அனுப்புறீங்க?"

"எல்லாருக்கும் பதில் சொல்றா. எனக்கு மட்டும் சொல்லல." அவன் அதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னான். "நாலு வருஷமா ஒரு தடவகூட இல்ல. எழுதி வெச்சிருக்கேன்."

"நீங்க எங்க நிறுத்துனீங்க?" என்றாள் சாந்தினி. "ஆறு வருஷமா உங்க பக்கத்துல நிக்கிறேன். எனக்கே உள்ள நொழைய எடமில்ல. நான் உயிரோட இருக்கேன், கத்தி ஊதுறேன், எனக்கே இல்ல. மூச்சகூட மூக்கால வாங்கிக்கிட்டு ஊதுறீங்க. அவங்க எங்கண்ணே பதில் சொல்றது?"

சிவநேசன் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். சாக்ஸபோனைப் பெட்டியில் படுக்கவைத்து மூடினான். நாற்காலிக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மற்றவர்களும் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். பதினொரு நிமிடம் ஒன்றுமில்லை. முருகையா எட்டிப் பார்த்து, "இன்னைக்கு லீவா?" என்றார். பிறகு அவரும் உள்ளே வந்து நின்றார். பன்னிரண்டாவது நிமிடம் நவமணி ஆரம்பித்தாள்.

அவள் மூன்று நாள் வாசித்தாள். முதலில் மெதுவாக, எதையோ எடுத்து ஒவ்வொன்றாக வெளியே வைப்பவளைப் போல. மதியத்துக்குமேல் வேகம் பிடித்தது. சிவநேசன் எழவில்லை. இடையிடையே பேசினான். அவன் பேசியது மட்டும் மற்றவர்களுக்குப் புரிந்தது. "ஆமா," என்றான். "அன்னைக்கு மறந்துட்டேன்," என்றான். "அது நான் இல்ல, எங்கம்மா சொன்னது." கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நானும் பக்கத்துலதான் இருந்தேன்." சாயங்காலம் ஒருமுறை அவன் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். சத்தம் உடனே நின்றது. அவன் வாயை மூடிக்கொண்டான். சத்தம் தொடர்ந்தது. அய்யாவு தனக்கும் இப்படி ஒரு மனைவி இருப்பதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை வந்தபோது அவன் அதே இடத்தில் இருந்தான். தொழிற்சாலைக்குச் சாந்தினி தகவல் சொன்னாள். காரணம் கேட்டார்கள். குடும்ப விஷயம் என்றாள்.

வியாழக்கிழமை ஊர் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்களே அதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். புதையல் கதை சொன்னவரும் வந்திருந்தார். பெண்கள் நெடுநேரம் நின்றார்கள். சிலர் ஓரிரு இடங்களில் தலையாட்டினார்கள், ஒருத்தி "அதான் நானும் சொல்றேன்," என்று தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். முருகையா சோறு கொண்டுவந்து வைத்தார். சிவநேசன் சாப்பிட்டான். சாப்பிடும்போதும் கேட்டான். அன்று மாலை சத்தம் இறங்கி ஒரே சுரத்தில் வந்து நின்றது. முதல் வருடம் அவள் தேடிக்கொண்டிருந்த அந்தச் சுரம். ஒரு மணி நேரம் அது அசையவில்லை. சிவநேசன் கையைத் தரையில் ஊன்றியிருந்தான். "போயிருக்கக் கூடாது," என்றான். பிறகு, "பரவால்லன்னு நீதான சொன்ன," என்றான். பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது போல, "போயிருக்கக் கூடாது," என்று மறுபடி சொன்னான். சுரம் அதற்குமேல் இன்னும் கொஞ்ச நேரம் நீண்டது. ஜன்னலில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். யாரும் போகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் தன் கேள்வியைக் கேட்டான். மண்டபத்தில் அப்போது சாந்தினியும் அய்யாவும் இருந்தார்கள். புதன்கிழமை அவள் ஆரம்பித்ததுமே வெளியே போன தீபன் திரும்ப உள்ளே வரவில்லை, சமையலறை ஜன்னலையும் சாத்தியே வைத்திருந்தான். "தீபனா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். சத்தம் நின்றது. பிறகு குட்டையாக ஒன்று வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படி எதையும் வாசித்ததில்லை. அது சிரிப்பு என்றாள் சாந்தினி. சிரிப்பு இல்லை, உதட்டைப் பிதுக்கினால் அப்படித்தான் இருக்கும் என்றார் அய்யாவு. சிவநேசன் இரண்டாவது முறை கேட்கவில்லை. நான்கு மணிக்கு அவள் முடித்தாள். அவன் எழுந்து நிற்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தான், கால் மரத்துப் போயிருந்தது. அய்யாவு கைகொடுத்தார். வாழைமரங்களைச் சுற்றிக்கொண்டு போய்த் தீபன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அடுத்த புதன் வந்துருலா," என்றான்.

"சரிங்கண்ணே."

"அந்தப் பெரிச வெயில்ல வைக்காத. பின்னாடி வெடிப்பு விட்டிருக்கு."

அதற்குப்பின் குழுவின் வாசிப்பு மாறிவிட்டது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். சிவநேசன் வாயால் மூச்சு வாங்குகிறான், அது பதிவுகளில் கேட்கிறது. ஒரு வரி ஊதிவிட்டு நிற்கிறான். சில சமயம் அவள் பதில் சொல்கிறாள். சில சமயம் சொல்வதில்லை. அவன் காத்திருக்கிறான், பிறகு அடுத்த வரியை ஊதுகிறான். பினாங்குப் பேராசிரியருக்கு இது முன்பிருந்த அளவு புதுமையாகப் படவில்லை. முருகையாவுக்குப் பிடித்திருக்கிறது. இப்போதுதான் ரிப்பேர் முடிந்தது போல இருக்கிறது என்றார்.

சென்ற வருடக் கடைசியிலிருந்து நவமணி மாதத்தில் ஒரு புதன்கிழமை வருவதில்லை. அன்று நான்கு பேர் வாசிக்கிறார்கள், நான்கு பேர் வாசிப்பதுதான் கேட்கிறது. முதல் தடவை நடந்தபோது தீபன் பாதியில் நிறுத்திவிட்டுச் சிவநேசனைப் பார்த்தான். சாந்தினியும் பார்த்தாள். அய்யாவு குனிந்து உருமியின் கயிற்றை இறுக்கினார்.

"அவளுக்கு வேல இருக்கும்," என்றான் சிவநேசன். "நீ வாசி."

அடுத்த வாரம் அவள் வந்துவிட்டாள். எங்கே போயிருந்தாள் என்று அவன் கேட்கவில்லை.